நெருக்கடிக் காலமும் யோகப் பயிற்சியும்: வடசென்னையை முன்வைத்து

யோகா செய்தால் மனம் அமைதியாகும் என்று சொல்லாதவர் இல்லை. டாக்டர் சொல்கிறார், தொலைக்காட்சி சொல்கிறது, ஜூன் 21 வந்தால் அரசாங்கமே மைதானத்தில் பாய் விரித்துச் சொல்கிறது. யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாளில் என்று திருப்பிக் கேட்டால்தான் பதில் சொல்ல ஆள் குறைவு. கையில் காசும் வீட்டில் நிம்மதியும் உள்ளவருக்கு யோகா இன்னும் கொஞ்சம் நிம்மதி தருவதில் ஆச்சரியம் ஏதுமில்லை. கஷ்ட காலத்தில் அது கைகொடுக்குமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதை யானைக்கவுனியில் நின்று கேட்பதே பொருத்தம் என்று நினைக்கிறேன்.

சென்ட்ரலுக்கு வடக்கே, வால்டாக்ஸ் சாலையை ஒட்டிய பகுதி இது. ஒரு பக்கம் ரயில் பாதை, மறுபக்கம் சௌகார்பேட்டை. மூட்டை ஏற்றி இறக்குகிறவர்கள், மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர்கள், நகைப் பட்டறையில் குனிந்த தலை நிமிராமல் வேலை பார்க்கும் வங்காளத்து இளைஞர்கள், மொத்த வியாபாரக் கடைகளில் கணக்கு எழுதுகிறவர்கள் என்று உழைப்பு அடர்ந்த இடம். அங்கிருந்து வடக்கே போனால் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று துறைமுகமும் தொழிற்சாலையும் மீனவர் குப்பங்களும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன.

இந்தப் பகுதி கண்ட சோதனைகளை வரிசையாகச் சொன்னால்தான் பிரச்சினையின் கனம் தெரியும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை காசிமேட்டையும் திருவொற்றியூர்க் குப்பங்களையும் அடித்தது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெய் கரை நெடுக ஒட்டியது. அதை மீனவர்களும் மாணவர்களும் வாளியில் அள்ளினார்கள். 2020 மே, ஜூன் மாதங்களில் சென்னையிலேயே கொரோனாத் தொற்று அதிகமாகப் பதிவான மண்டலம் ராயபுரம். யானைக்கவுனியும் சௌகார்பேட்டையும் அந்த மண்டலத்துக்குள்தான் வருகின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் இறங்கியது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டு, பெரியகுப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து மூச்சுத் திணற ஓடினார்கள். ஆழிப்பேரலை வந்த அதே தேதி. அந்தத் தேதியைப் பத்தொன்பது ஆண்டுகளாக மனதில் சுமந்துகொண்டிருந்த குடும்பங்களுக்கு அந்த இரவு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பேரிடர் ஓய்ந்த பிறகும் உடம்பு ஓய்வதில்லை. ராத்திரி சின்னச் சத்தம் கேட்டாலும் விழிப்பு வருகிறது. பிள்ளைகள் மேல் காரணமில்லாமல் எரிச்சல் பாய்கிறது. சிலருக்கு எதுவுமே உறைக்காமல் மரத்துப்போகிறது. இந்த நிலையில் இருப்பவர்களிடம் யோகா ஏதாவது செய்ததா என்று பார்த்த ஆய்வுகள் சில உண்டு. முக்கியமான ஒன்று நம் கடற்கரையிலேயே நடந்தது.

ஆழிப்பேரலைக்கு எட்டு மாதம் கழித்து, நாகப்பட்டினம் மாவட்ட முகாம்களில் இருந்தவர்களில், அதிர்ச்சியின் பின்விளைவு கடுமையாக இருந்த 183 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு யோக முறையிலான மூச்சுப் பயிற்சி மட்டும் கற்றுக்கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினருக்கு அதோடு நடந்ததைத் திரும்பப் பேசவைக்கும் சிகிச்சையும் சேர்த்துக் கொடுத்தார்கள். மூன்றாம் பகுதியினர் காத்திருப்புப் பட்டியலில் இருந்தார்கள். ஆறு வாரம் கழித்து அளந்தபோது, பயிற்சி பெற்ற இரு பிரிவினரிடமும் அறிகுறிகள் வெகுவாகக் குறைந்திருந்தன. காத்திருந்தவர்களிடம் பெரிய மாற்றமில்லை. பேச்சுச் சிகிச்சையைச் சேர்த்ததால் கூடுதல் பலன் ஏதும் தெரியவில்லை. 2010இல் வெளியான இந்த ஆய்வை நான் மதிக்கிறேன். ஆனாலும் அதன் பலவீனத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆட்களைத் தனித்தனியாகக் குலுக்கிப் பிரிக்காமல், முகாம் முகாமாகப் பிரித்தார்கள். ஒரு முகாமுக்கு நல்ல தண்ணீரும் நல்ல தலைவரும் வாய்த்திருந்தால் அதுவும் கணக்கில் கலந்துவிடும். பயிற்சி பெற்றவர்களோடு தினமும் யாரோ வந்து உட்கார்ந்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, அக்கறையாக விசாரித்ததும் ஒரு மருந்துதான்.

அந்தமானில் யோக ஆய்வாளர் ஷர்லி டெல்லஸ் குழுவினர் ஆழிப்பேரலையில் தப்பிய 47 பேருக்கு ஒரு வாரம் யோகா கற்பித்துப் பார்த்தார்கள். பயம், பதற்றம், சோகம், தூக்கக்கேடு எல்லாம் குறைந்ததாக அவர்களே சொன்னார்கள். 2008 பீகார் வெள்ளத்துக்குப் பிறகு அதே குழு 22 பேரிடம் சோதித்தது. யோகா செய்தவர்களுக்குச் சோகம் குறைந்தது. செய்யாதவர்களுக்கு அந்த ஒரு வாரத்தில் பதற்றம் ஏறியது. எண்ணிக்கை சிறியது, காலமும் குறுகியது. என்றாலும் மூன்று ஆய்வுகளிலும் விரல் ஒரே திசையைத்தான் காட்டுகிறது.

பேரிடரை விட்டு மருத்துவமனைக்கு வருவோம். பெங்களூரு நிம்ஹான்ஸில், கடும் மனச்சோர்வால் சேர்க்கப்பட்ட 45 பேரை மூன்றாகப் பிரித்து, 15 பேருக்கு மின்னதிர்ச்சிச் சிகிச்சையும், 15 பேருக்கு இமிப்ரமின் மாத்திரையும், 15 பேருக்குச் சுதர்சன கிரியா என்ற மூச்சுப் பயிற்சியும் கொடுத்தார்கள். நான்கு வாரத்தில் குணம் கண்டவர்கள் முறையே 93, 73, 67 சதவீதம். 2000ஆம் ஆண்டு வெளிவந்த இந்த முடிவைப் பலர் பாதியை மட்டும் எடுத்துச் சொல்கிறார்கள். மாத்திரைக்குக் கிட்டத்தட்டச் சமமாக மூச்சுப் பயிற்சி நின்றது உண்மை. மின்னதிர்ச்சிச் சிகிச்சை இரண்டையும் தாண்டி நின்றதும் அதே அளவு உண்மை.

அமெரிக்காவில் 2017இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுகிறது. மருந்து சாப்பிட்டும் மனச்சோர்வு முழுதாக நீங்காத 122 பேரில் ஒரு பகுதியினருக்கு ஹட யோகாவும் மற்றவர்களுக்கு ஆரோக்கியம் பற்றிய வகுப்பும் நடத்தினார்கள். பத்தாவது வாரத்தில் அளந்தால் இரு தரப்புக்கும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. ஆய்வாளர்கள் அதோடு விட்டுவிடாமல் தொடர்ந்து கவனித்தார்கள். மாதங்கள் போகப்போக யோகா தரப்பு மெல்ல மேலே வந்தது. பலன் மெதுவாகத்தான் வரும், இடையில் நிறுத்தியவருக்கு அது வந்த சுவடே தெரியாது என்று இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். இரண்டு வாரம் செய்துவிட்டு "எனக்கு ஒத்துவரல" என்று விடுகிறவர்கள் இந்த ஆய்வைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு. தீராத பதற்ற நோய் உள்ள 226 பேரிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வில், எண்ணங்களைச் சீர்படுத்தும் உளவியல் சிகிச்சையில் 71 சதவீதம் பேரும், யோகாவில் 54 சதவீதம் பேரும், வெறும் விளக்க வகுப்பில் 33 சதவீதம் பேரும் முன்னேறினார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்க்கையில் உளவியல் சிகிச்சையின் பலன் நிலைத்தது. யோகாவின் பலன் அந்த அளவுக்கு நிலைக்கவில்லை. ஆக, யோகா ஒன்றுமே செய்யாமல் இருப்பதைவிட நிச்சயம் நல்லது. எல்லாச் சிகிச்சைக்கும் மேலானது என்று சொன்னால் அது பொய்.

இது எப்படி வேலை செய்கிறது? பயந்தவருக்கு மூச்சு மேலோட்டமாகவும் வேகமாகவும் ஓடும். சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு விடுகிறோம். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் கூடும், விடும்போது குறையும். விடும் மூச்சை நீட்டினால், இதயத்துக்குக் கடிவாளம் போடும் வேகஸ் நரம்புக்கு வேலை செய்ய அதிக நேரம் கிடைக்கிறது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற வேகத்தில் இரத்த அழுத்தத்தைச் சமன்செய்யும் உடலின் ஏற்பாடு நன்றாக இயங்குகிறது என்று இத்தாலியில் பெர்னார்டி குழுவினர் 2001இல் காட்டினார்கள். அவர்கள் சோதித்தது இரண்டை: லத்தீன் மொழியில் சொல்லும் ஜெபமாலை, யோக மந்திரம். இரண்டுமே மூச்சைத் தானாக ஆறுக்குக் கொண்டுவந்தன. ராயபுரம் புனித பேதுரு ஆலயத்தில் ஜெபமாலை உருட்டும் மீனவப் பாட்டியும், தங்கசாலைத் தெருக் கோயிலில் நாமம் சொல்லும் பெரியவரும், யோக வகுப்புக்குப் போகாமலே அதன் ஒரு பகுதியைச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று நான் நம்புகிறேன்.

அப்படியானால் ஆசனம் எதற்கு? பாஸ்டனில் ஒரே அளவு சக்தி செலவாகும்படி சிலருக்கு நடைப்பயிற்சியும் சிலருக்கு யோகாவும் பன்னிரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். மனநிலை மேம்பாட்டில் யோகா முந்தியது; மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் அளவோடும் அந்த மேம்பாடு ஒத்துப்போனது. வெறும் உடல் அசைவு போதாது, அசைவோடு மூச்சும் கவனமும் சேர வேண்டும் என்பது என் முடிவு.

பயிற்சியைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். சுவரில் சாய்ந்தோ நாற்காலியிலோ முதுகை நேராக்கி உட்காருங்கள். கண்ணை மூடப் பிடிக்காவிட்டால் திறந்தே இருக்கட்டும். மூக்கு வழியாக மனதுக்குள் நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். அடக்க வேண்டாம். முதல் சில மூச்சுக்குள் மனம் கடன், வாடகை, நேற்றைய சண்டை என்று ஓடும். ஓடட்டும். எண்ணிக்கை தவறியது தெரிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள். இப்படிக் கவனம் சிதறியதை உணர்ந்து திரும்பக் கொண்டுவரும் அந்தக் கணம்தான் பயிற்சி. கோபம் தலைக்கேறும்போது, வாய் திறப்பதற்கு முன்னால் ஒரு நொடி இடைவெளி கிடைப்பது இந்தத் திரும்புதலைப் பலமுறை பழகியதால்தான்.

அதனால்தான் தினசரி என்பதை விடாமல் வலியுறுத்துகிறேன். தினமும் நீந்திப் பழகியவனுக்குத்தான் அலையில் சிக்கும்போது கைகால் தன்னால் அசையும். நெருக்கடி வந்த அன்று யூடியூபைத் திறந்து மூச்சுப் பயிற்சி தேடுபவருக்கு அது பெரும்பாலும் உதவாது. சிலருக்கு மூச்சைக் கவனிப்பதே பதற்றத்தைக் கூட்டிவிடும். அமைதியான நாளில் பத்து நிமிடம் என்பதே சரியான முதலீடு.

எச்சரிக்கையும் தேவை. இரத்தக் கொதிப்பு, வலிப்பு, கர்ப்பம் உள்ளவர்கள் கபாலபாதி போன்ற வேக மூச்சுப் பயிற்சிகளைத் தொடவே கூடாது. காதில் குரல் கேட்பது, அளவு மீறிய உற்சாகம் போன்ற மனநோய் அறிகுறி உள்ளவர்களை நீண்ட தியானத்தில் உட்காரவைப்பது ஆபத்து. வன்முறைக்கு ஆளானவர்களுக்குச் சவாசனத்தில் கண்மூடிப் படுப்பதே பயங்கரமாக இருக்கலாம். அமெரிக்காவில் மனநல மருத்துவர் பெசல் வான் டெர் கோல்க் குழுவினர், வேறு சிகிச்சைகளால் குணமாகாத 64 பெண்களிடம் பத்து வாரம் நடத்திய ஆய்வில், யோகா பிரிவில் பாதிப் பேர் அதிர்ச்சி நோயின் வரையறைக்கு வெளியே வந்தார்கள்; மற்றப் பிரிவில் ஐந்தில் ஒருவர்தான். அங்கே ஆசிரியர் அதிகாரம் செய்யவில்லை, தொட்டுத் திருத்தவில்லை, எதைச் செய்வது எதை விடுவது என்பதை அந்தப் பெண்களிடமே விட்டார்கள். நம்மூர் வகுப்புகளில் முதுகில் கைவைத்து அமுக்கும் ஆசிரியர்கள் இதைப் படிக்க வேண்டும்.

ஆளுக்கு ஏற்ற பயிற்சி என்ற எண்ணம் சென்னைக்குப் புதிதல்ல. யோக ஆசிரியர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் 1950களின் தொடக்கத்தில் இந்த நகருக்கு வந்து 1989இல் மறையும்வரை அதைத்தான் கற்பித்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976இல் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம் அதே வழியில் நடக்கிறது. அவர்கள் முறையில் அசைவு மூச்சுக்குப் பின்னால் வரும். வயது, தொழில், நோய் பார்த்து ஆசனம் மாறும். இதை யானைக்கவுனிக்குப் பொருத்திப் பாருங்கள். நாள் முழுக்க மூட்டை சுமந்த முதுகுக்கு இன்னும் வளைக்கும் பயிற்சி வேண்டியதில்லை. காலை மேலே தூக்கிவைத்து மல்லாந்து படுத்து மூச்சை நீட்டினாலே போதும். நகைப் பட்டறைக்காரருக்குத் தேவை வேறு. பலகை முன்னால் கழுத்தை மடக்கி, கண்ணைக் கல்லில் குத்திவைத்து, நெஞ்சுக்கூடு சுருங்கிக் கிடக்கிறார். அவர் தோளைப் பின்னால் விரித்து நெஞ்சைத் திறக்க வேண்டும். ஊதுகுழலால் நெருப்பைக் கட்டுப்படுத்திய பழைய பொற்கொல்லர்களுக்கு மூச்சை அளந்து விடுவது தொழிலிலேயே இருந்தது என்பதை இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

தமிழில், குடும்பஸ்தர்களுக்காகவே உருவான முறை வேதாத்திரி மகரிஷியுடையது. கூடுவாஞ்சேரியில் 1911இல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். அவருடைய மனவளக்கலை முறையில் எளியமுறை உடற்பயிற்சியோடும் தவத்தோடும் அகத்தாய்வு என்ற பகுதி உண்டு. சினம் தவிர்த்தலில், யார் மேல், எதற்கு, எப்போது கோபம் வருகிறது என்று எழுதிவைத்து ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்வார். கவலை ஒழித்தலில் கவலைகளை நாலாகப் பிரிப்பார்: அனுபவித்தே தீர வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அலட்சியப்படுத்த வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை. மேலே சொன்ன பதற்ற ஆய்வில் யோகாவை முந்திய உளவியல் சிகிச்சையும் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்கிறது. மூச்சும் ஆசனமும் உடம்பை இறக்கிவைக்க, காகிதமும் பேனாவும் எண்ணத்தைப் பிரித்துக்காட்ட, இரண்டும் சேர்ந்த பயிற்சியே கஷ்ட காலத்துக்கு ஏற்றது என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

சௌகார்பேட்டை ஜைனர்களிடம் இன்னொரு வழக்கம் இருக்கிறது. சாமாயிகம் என்று 48 நிமிடம் ஓரிடத்தில் உட்கார்ந்து, விருப்பு வெறுப்பு இல்லாத சமநிலையைப் பழகுகிறார்கள். ஆசனம் கிடையாது, செலவு கிடையாது. வியாபாரத்தில் ஏற்றமும் இறக்கமும் பார்ப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக இதைக் கைவிடாமல் வைத்திருப்பதே கவனிக்கத்தக்கது.

இனி நடைமுறைச் சிக்கல்கள். ஒற்றை அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் பாய் விரிக்க இடம் ஏது? விடிகாலை யோகாவுக்கு உகந்தது என்கிறார்கள். தண்ணி லாரி வருவதும், மீன் ஏலம் தொடங்குவதும், பார்சல் ரயில் இறங்குவதும் அப்போதுதானே? காற்றுப் பிரச்சினை வேறு. எண்ணூர், மணலி புகையும் கன்டெய்னர் லாரிப் புகையும் மார்கழி விடியலில் தரையோடு படிந்து நிற்கும். அந்நேரம் மொட்டைமாடியில் ஆழ்ந்து மூச்சிழுப்பதைவிட, வேலை முடிந்து குளித்தபின் வீட்டுக்குள் செய்வதே மேல். நேரத்தைப் பற்றிய சாஸ்திரத்தை விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை, தினமும் செய்வதை விட்டுக்கொடுக்கக் கூடாது. உடல் அலுப்புக்கும் மனப் பாரத்துக்கும் இந்தப் பகுதி ஆண்களில் பலருக்குக் கைக்கெட்டும் ஒரே நிவாரணம் டாஸ்மாக் கடை. அதற்குப் பக்கத்தில் வைக்கக்கூடிய வேறொன்று எளிதாகவும் உடனே கிடைப்பதாகவும் இருந்தாக வேண்டும்.

பேசத் தயங்கும் ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. எண்ணெய் கழிமுகத்தை நாசமாக்கினால் மீனவர் கோபப்படத்தான் வேண்டும். அந்தக் கோபத்தை மூச்சுவிட்டுத் தணித்துக்கொள்ளச் சொல்வது யோகா அல்ல, வாயை அடைப்பது. மனச் சமநிலை வாய்த்தவர் அதிகாரி முன்னால் குரல் உடையாமல் நின்று நஷ்டஈட்டுக் கணக்கைக் கேட்பார். ராத்திரி வீட்டுக்கு வந்து அந்தக் கோபத்தை மனைவி மேல் இறக்கமாட்டார். யானைக்கவுனிக்குப் பக்கத்து ஏழுகிணறில்தான் வள்ளலார் தம் இளமையைக் கழித்தார். அங்கிருந்து திருவொற்றியூர்க் கோயிலுக்குப் போய்வருவார். தியானத்தின் உச்சம் பேசிய அவர் 1867இல் வடலூரில் முதலில் செய்தது தருமச்சாலை அடுப்பை மூட்டியதுதான். பசித்தவருக்குச் சோறு, நஷ்டப்பட்டவருக்கு ஈடு, நோயாளிக்கு மருத்துவர். பயிற்சி இவற்றோடு சேர்ந்து வர வேண்டும். இவற்றுக்குப் பதிலாக வரக்கூடாது.

அரசுக்கு ஒரு வேண்டுகோள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். அவர்களுக்கு நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடும் பயிற்சியையும், யாருக்கு அது போதாது என்று கண்டுபிடிக்கும் கேள்விகளையும் கற்றுக்கொடுங்கள். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் மண்டலங்களில் முதலில் தொடங்குங்கள். மாநகராட்சிப் பள்ளிக் கூடங்களை இரவு எட்டு மணிக்கு மேல் திறந்துவிட்டால் வேலைக்குப் போய்வரும் பெண்களும் வருவார்கள்.

வாசகர்களுக்கு ஒன்று. தூக்கமின்மையும் சோகமும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, செத்துப்போகலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலோ, பயிற்சியை மட்டும் நம்பிக் காத்திருக்காதீர்கள். ஸ்டான்லி மருத்துவமனை மனநலப் பிரிவு பக்கத்திலேயே இருக்கிறது. டெலிமனஸ் மனநல உதவித் தொலைபேசி எண் 14416. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.